காய்ச்சல் என்று சொன்னேன்

பம்மல்,
14.1.2007

அன்புத் தம்பி ஜீவானந்தத்துக்கு,

அண்ணன் கோதண்டம் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள். ஒரு வரி மேலே ஏறிப் போகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. 'ண'வுக்குச் சுழி எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் போடுகிறேன். நேற்றுக் காலையில் உட்கார்ந்தவன் இந்த இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன். மகள் ஜெயஸ்ரீ எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது.

நான் அவள் வீட்டில் சுகமாக இருக்கிறேன். உனக்குக் கண், காது, முழங்கால் எல்லாம் சொன்னபடி கேட்கின்றனவா? உன் மகன் ஹேமநாத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மருமகள் துர்கா பத்தாவது படித்தவள் என்று உங்கள் பக்கம் மீன் எடுக்க வருகிற வியாபாரி ஒருவர் சொன்னார். விலாசமும் அவர் கொடுத்ததுதான். இதை உனக்கு அவள் படிப்பாள். போனில் பேசலாமே என்பாய். முப்பத்தாறு வருடம் கழித்து உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

இரண்டு வருடம் முன்பு எனக்கு மாரடைப்பு வந்து பிழைத்தேன். தோல் பதனிடுகிற ஷெட் வேலைக்கு இனிப் போகக்கூடாது என்றார்கள். சும்மா இருக்க முடியாமல் வளர்கல்வி மையத்தில் சேர்ந்தேன். யூனிஸ் டீச்சர் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். இப்போது பஸ் எங்கே போகிறது என்று யாரையும் கேட்காமல் ஏறுகிறேன். ஒரு நாள் தெரிந்தே தப்பான பஸ்ஸில் ஏறி, பொத்தேரி வரைக்கும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போய் வந்தேன்.

இப்போது விஷயம். தாம்பரத்தில் நான் மருந்து வாங்குகிற ஆஸ்பத்திரியில் ஹெப்சி என்று ஒரு டாக்டர் அம்மா ஆராய்ச்சி செய்கிறார். மாரடைப்பு வந்தவர்கள், அவர்களோடு கூடப் பிறந்தவர்கள் எல்லோருடைய ரத்தத்தையும் பார்க்கிறார். தங்கை முத்தாலம்மாள் வந்து கொடுத்துவிட்டாள். நீ ஒருவன்தான் பாக்கி. இரண்டு டியூப் ரத்தம்தான். குடும்பத்தில் யார் யார் எப்படி இறந்தார்கள் என்று ஒரு படிவமும் கொடுத்திருக்கிறார். அதை இன்னும் நிரப்பவில்லை.

வந்து போ. பதிலாவது போடு.

உன் அண்ணன்,
கோதண்டம்


சதுரங்கப்பட்டினம்,
20.2.2007

மரியாதைக்குரிய பெரிய மாமாவுக்கு,

மருமகள் துர்காவின் வணக்கம். உங்களை நான் பார்த்ததில்லை. கடிதம் வந்தபோதுதான் மாமாவுக்கு இன்னொரு அண்ணன் உயிரோடு இருப்பதே எனக்குத் தெரிந்தது. மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன். தினமும் கடலுக்குப் போகிறேன். ரத்தம் கொடுக்க வருவதாக இல்லை. படிவத்தில் பெரிய அண்ணன் சாவுக்கு என்ன எழுதுவது என்று உனக்குத் தெரியாதா? ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவு செய்ததை எழுது. அப்பா சாவுக்கு அன்றைக்கு நீ சொன்னதை எழுது.

இப்படிக்கு,
ஜீவானந்தம்

கடைசியில் ஒன்று சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றார். "வாயால சொன்னத இப்போ கையால எழுதறதுக்குக் கத்துகினியான்னு கேளு."

மாமா வலை பிரிக்கப் போன பிறகு இதைச் சேர்க்கிறேன். தினமும் கடலுக்குப் போகிறார் என்பது சரியில்லை. பொங்கலுக்குப் பிறகு போகவே இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

துர்கா


பம்மல்,
4.3.2007

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலை ஜெயஸ்ரீ கையில் கொடுக்காமல் நானே படித்தேன். அரை மணி ஆனது. எனக்கு என்று தபாலில் வந்த முதல் கடிதம். நீ திட்டியிருந்தாலும் சந்தோஷம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். துர்காவின் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கிறது.

டாக்டர் அம்மாவிடம் ரத்தத்தில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். படம் போட்டுக் காட்டினார். நம் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஏற்பி என்று சின்னச் சின்னக் கைகள் மாதிரி இருக்கின்றன. கிருமி வந்தால் தொட்டுப் பார்த்து, அந்நியன் வந்துவிட்டான் என்று தெரிந்துகொள்வது அந்த ஏற்பிகள்தான். உடனே உடம்பு முழுவதும் தகவல் போய், அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இதற்கு அழற்சி என்று பெயர். இந்தச் சொல்லை ஐந்து தடவை எழுதிப் பழகினேன்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கரையில் மேட்டில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, மீன் கூட்டம் வந்துவிட்டது என்று துண்டை வீசுகிறவர் ஒருவர் இருப்பாரே, அவர்தான் இந்த ஏற்பி. அவர் வீசினால் எல்லாக் கட்டுமரங்களும் இறங்கும். டாக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு படிகிறது. அதையும் அந்நியன் என்று நினைத்துத் துண்டு வீசுகிறார்கள். வீக்கம் வருகிறது, வற்றாமல் வருடக்கணக்கில் இருக்கிறது. ஒரு நாள் அந்த இடம் வெடித்து, ரத்தம் உறைந்து, குழாய் அடைத்துக்கொள்கிறது. யார் எவ்வளவு வேகமாகத் துண்டு வீசுவது என்பது மரபணுவில் இருக்கிறதாம். அது அப்பா அம்மாவிடமிருந்து வருவது. அப்படியானால் நம் வீட்டு மரபணு கெட்டதா என்று கேட்டேன். தெரியாது, ஒரு ஊரில் ஒரு மாதிரியும் இன்னொரு ஊரில் வேறு மாதிரியும் முடிவு வருகிறது, அதனால்தான் இத்தனை பேரிடம் ரத்தம் எடுக்கிறோம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நீ பீடியை விட்டுவிட்டாயா? அது துண்டு வீசுகிறவருக்குச் சாராயம் வாங்கிக் கொடுப்பது மாதிரி.

கோதண்டம்


சதுரங்கப்பட்டினம்,
27.3.2007

பெரிய மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னார். இனி மாமா சொல்வது.

துண்டு வீசுகிற கதை நன்றாக இருக்கிறது. மேட்டில் நிற்கிறவன் தப்பாகச் சொன்னால் இறங்கினவன் கதி என்ன ஆகும் என்று டாக்டர் அம்மா சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும். பீடியைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டு எழுது. அந்த நோவு வருவதற்கு முன்னால் கை கனக்குமா? தாடை இழுக்குமா? வேர்க்குமா? பெரிய அண்ணனுக்கு எப்படி இருந்தது என்று நான் அன்றைக்கு ஊரில் சொன்னேன். அது சரியாக இருந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஜீவானந்தம்


பம்மல்,
2.4.2007

அன்புத் தம்பிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், இன்றே தபாலில் போட வேண்டும். கனக்கும், இடது கை. தாடை இழுக்கும். வேர்க்கும். எனக்கு மூன்றும் இருந்தன. வாயுப் பிடிப்பு என்று நினைத்து இரண்டு கோலி சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயஸ்ரீ ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

நீ உன்னைப் பற்றிக் கேட்டாயா என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் ரத்தமும் ஆராய்ச்சியும் கிடக்கட்டும். கல்பாக்கத்தில் தாம்பரம் பஸ் ஏறு. ஈ.சி.ஜி. எடுக்கப் பத்து நிமிடம்தான்.

கோதண்டம்


சதுரங்கப்பட்டினம்,
21.4.2007

பெரிய மாமாவுக்கு,

துர்கா எழுதுகிறேன். இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாது. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மாமா கரையில் கிடந்த படகிலிருந்து வலையைத் தூக்கிக்கொண்டு மணல் மேட்டில் ஏறும்போது உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து போயிருந்தது. தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாதமாகவே வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். கிராமத்து நர்ஸ் அம்மாவும் வந்து சொன்னார்கள். வரமாட்டேன் என்கிறார். ஏன் என்று நான் சண்டை போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க வம்சத்துல அந்த நோவு கெடயாதும்மா. பஞ்சாயத்துல எங்க அண்ணனே சொல்லிட்டாரு. இல்லாத நோவுக்கு நான் இன்னாத்துக்கு வைத்தியம் பாக்கணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபத்தில் சொல்கிறாரா, வீம்பா, எனக்குப் புரியவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிந்தால்தானே அவரிடம் பேச முடியும்.

துர்கா


பம்மல்,
3.5.2007

துர்காவுக்கு,

பெரிய மாமாவின் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை நீ முதலில் தனியாகப் படி. பிறகு ஜீவாவுக்குச் சத்தமாகப் படி. எதையும் விடாதே. நாலு நாளாக எழுதுகிறேன்.

1971 புரட்டாசியில், நாங்கள் பனையடிக்குப்பத்தில் இருந்தபோது, எங்கள் பெரிய அண்ணன் தேசப்பனும் ஜீவாவும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனார்கள். ஜீவா மட்டும் திரும்பி வந்தான். அண்ணனின் உடல் மறுநாள் ஒதுங்கியது. பஞ்சாயத்து கூடியது. கனகவல்லி அண்ணி, இவன் குடித்துவிட்டுப் போய் என் புருஷனைக் கடலில் விட்டுவிட்டான் என்று மண்ணை வாரித் தூற்றினாள். ஜீவா குடிக்கவில்லை. அவன் சொன்னது ஒன்றுதான். வலை இழுக்கும்போது அண்ணன் கை கனக்கிறது என்றார், வேர்த்துக் கொட்டியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், பிடிப்பதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டார். எங்கள் அப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள், கோதண்டம் அண்ணன் பக்கத்தில் இருந்தார், அவரைக் கேளுங்கள் என்றான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பாரு எப்டிடா செத்தாரு?"

"காய்ச்சல்ல" என்றேன்.

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. அவர் தலை என் மடியில்தான் இருந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பஞ்சாயத்து நடந்த அந்த வருடம் முத்தாலம்மாளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தோம். துக்கத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வம்சத்தில் நெஞ்சு நோய் என்று காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவார்கள். நம் ஜனம் பெண் எடுக்கும்போது முதலில் விசாரிப்பது அதைத்தான். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜீவா என்னைப் பார்த்தான். ஊர்க் கரையில் அவன் மரம் இறக்கக்கூடாது என்று தீர்ப்பானது. உங்கள் ஊருக்கு வந்துவிட்டான். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை.

நேற்று ஹெப்சி டாக்டரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தத்தில் இருப்பதைப் படிக்க எங்களுக்கு வருடங்கள் ஆகும், நீங்கள் வாயால் சொல்வது இன்றைக்கே உதவும் என்றார். அப்பா நாற்பத்தாறில், அண்ணன் முப்பத்தேழில் என்றால் உங்கள் தம்பியை நான் எப்போதோ பார்த்திருக்க வேண்டும் என்றார்.

ஜீவா, நோய் நம் வம்சத்தில் இருக்கிறது. நீ சொன்னது நிஜம். நான் சொன்னது பொய். வைத்தியம் பார்த்துக்கொள்.

கோதண்டம்


சதுரங்கப்பட்டினம்,
4.6.2007

பெரிய மாமாவுக்கு வணக்கம்.

கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து கரைப் பக்கம் போய்விட்டார். ஒரு மாதம் அதைப் பற்றி யாரோடும் பேசவில்லை. இடையில் இரண்டு தடவை நோவு வந்தது. நான் அழுதுவிட்டேன். நேற்றுத்தான் பதில் எழுத உட்காரச் சொன்னார். அவர் சொல்வது:

அண்ணா, நீ எழுதினதை நான் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது? எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரியாதவர்கள் பனையடிக்குப்பத்தில் இருக்கிறார்கள். கனகவல்லி அண்ணி இருக்கிறாள். அதே கடிதத்தை அங்கே கோயில் வாசலில் ஊர் கூடும்போது நீ படி. படித்துவிட்டாய் என்று தெரிந்தால் நான் தாம்பரம் வருகிறேன். அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாதே.

ஜீவானந்தம்

மாமா, தயவு செய்து சீக்கிரம் செய்யுங்கள். கடிதத்தை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன்.

துர்கா


பம்மல்,
18.6.2007

அன்புத் தம்பிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பனையடிக்குப்பம் போய் வந்தேன். முதலில் முத்தாலம்மாளிடம் சொன்னேன். என் கல்யாணத்துக்காகவா என்று கேட்டாள். பிறகு நானும் வருகிறேன் என்று கூடவே பஸ் ஏறினாள்.

பழைய தலைவரின் மகன்தான் இப்போது தலைவர். கோயில் வாசலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள் என்று பார்த்தால் ஆறேழு பேர் தேறுவார்கள். கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். நான் எழுதினதுதான், ஆனாலும் வேகமாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டினேன். கிழவர் ஸ்ரீரங்கன், உனக்கு ஞாபகம் இருக்கும், கேலி பண்ணினார்.

"இன்னாடா கோதண்டம், ஒண்ணாங்கிளாஸ் புள்ள கணக்கா படிக்கற. வாயாலயே சொல்லேன், பேஜாரா கீது."

வாயால் சொன்னால் மாற்றிச் சொல்லிவிடுவேன், எழுதினபடிதான் படிப்பேன் என்றேன். தலைவர் அவரைக் கையமர்த்தினார். 'காய்ச்சல்' என்ற இடத்துக்கு வந்ததும் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தபடி நின்றுவிட்டேன். முத்தாலம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். படித்து முடித்தேன்.

அண்ணி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கிவிட்டது. என்னைக் கிட்டே வரச் சொன்னாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"முப்பத்தாறு வருசம் அந்தப் புள்ளமேல மண்ண வாரி வுட்டேனே. அத இப்போ எங்க கொண்டும்போய் கொட்டறது?"

அண்ணி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். கரையில் உனக்கு இருந்த தடை அன்றோடு நீங்கியது என்று தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நோட்டிலும் எழுதச் சொன்னார். கீழே சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

நான் செய்துவிட்டேன், தம்பி. இனி உன் முறை.

கோதண்டம்


சதுரங்கப்பட்டினம்,
23.6.2007

பெரிய மாமாவுக்கு வணக்கம். இந்த முறை உண்மையாகவே எல்லோருக்கும் சந்தோஷம்.

மாமா வியாழக்கிழமை வருகிறார். நானும் என் வீட்டுக்காரரும் கூட வருகிறோம். பத்து மணிக்குள் தாம்பரம் வந்துவிடுவோம். உங்களிடம் சொல்லச் சொன்னார்: "ரெண்டு டியூபு ரத்தம்னு எழுதிக்கீற. அதுக்கு மேல ஒரு சொட்டு கேட்டா எழுந்து வந்துடுவேன்."

துர்கா


தாம்பரம், ஆஸ்பத்திரி மாடி,
30.6.2007

அன்புத் தம்பிக்கு,

நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாய். நான் இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நர்ஸ் படித்துக் காட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை ஈ.சி.ஜி. எடுத்தவுடன் ஹெப்சி டாக்டர் உன்னை நடக்கவே விடவில்லை, அதை நீ பார்த்தாய். உன் இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. பெரியதில் ஸ்பிரிங் வைத்துவிட்டார்கள். சின்னதை மாத்திரையில் பார்க்கலாம் என்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முழுதும் சொல்ல வேண்டாம் என்று துர்கா தடுத்துவிட்டாள். ஹேமநாத்துக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், பீடி பக்கம் போகக்கூடாது. அவனும் ரத்தம் கொடுத்தான். உன்னிடம் இரண்டு டியூப் அல்ல, ஏழு டியூப் எடுத்தார்கள். நீ மயக்கத்தில் இருந்ததால் எழுந்து போகவில்லை.

நம் ரத்தத்தில் அந்த ஏற்பி எப்படி இருக்கிறது என்று எப்போது தெரியும் என்று கேட்டேன். இரண்டு மூன்று வருடம் ஆகலாம், தெரிந்தாலும் நம் வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல முடியாது, ஆயிரம் வீட்டைச் சேர்த்துப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். பரவாயில்லை, அதைப் படிக்க நான் இருப்பேன் என்றேன்.

இன்று காலை கனகவல்லி அண்ணி வந்தாள். முத்தாலம்மாள் அழைத்து வந்தாள். எனக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். காப்பி வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போய்விட்டது. அவள் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு மரத்தில் அவர் கடைசியாக என்ன பேசினார், தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று. அதைக் கேட்க அவளுக்கு இத்தனை வருடம் ஆள் இல்லாமல் போய்விட்டது. எனக்குத் தெரியாது அண்ணி, அவனுக்குத்தான் தெரியும் என்று சொன்னேன்.

நாலு மணிக்கு ஒரே ஒருவரை ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்களாம். அண்ணன் என்று என் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு அண்ணியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் நான் சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டேன். அவள் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது. குரலை உயர்த்தாமல் நிதானமாகச் சொல். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வரும் வெள்ளிக்குள் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினம் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
கோதண்டம்